பைக்குள் இருந்த வெள்ளைப் போர்வை

போளூரிலும் கலசப்பாக்கத்திலும் என்னைத் தெரிந்தவர்கள் இப்போது போன் போட்டு ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். ஆஸ்பத்திரியில் கேன்சர் வைத்தியம் பார்க்கும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு பை கொடுக்கலாம் என்று இருக்கிறோம், உள்ளே என்னென்ன வைக்கலாம்? பொம்மை வைக்கலாமா, பிஸ்கட் வைக்கலாமா, தொப்பி எந்த அளவில் எடுப்பது? கேட்கிறவர்கள் நல்ல மனிதர்கள்தான். ஆனால் போனில் பதில் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது. ஜவ்வாது மலையிலிருந்து புளியும் சாமையும் ஏற்றி இறக்கும் சரக்கு வண்டிக்காரன் நான். கொண்டை ஊசி வளைவில் நின்று தொப்பியின் அளவு சொல்ல முடியாது. அதனால் எழுதிவிடுகிறேன். பையைப் பற்றி மட்டும் எழுதினால் யாருக்கும் விளங்காது, எங்கள் மகளுக்கு நோய் வந்ததிலிருந்து தொடங்க வேண்டும்.

தர்ஷினிக்கு அப்போது ஆறு வயசு. சாமைக் காட்டில் களை எடுக்கும் சமயம். காட்டுக்குப் போனால் ஒரு இடத்தில் நிற்காத பிள்ளை, அந்த ஆவணியில் போன இடத்திலெல்லாம் உட்கார்ந்துகொண்டாள். காய்ச்சல் வரும், மாத்திரை கொடுத்தால் போகும், மறுபடி வரும். முழங்காலில் நீலம் நீலமாகக் கன்றியிருந்தது. எங்கே விழுந்தாய் என்று கேட்டால் விழவே இல்லை என்றாள். ஊரில் ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஒருவர் காமாலை என்றார், ஒருவர் காத்து கருப்பு என்றார், இன்னொருவர் பிள்ளைக்குக் கறி போடுவதில்லையா என்று என்னையே விசாரித்தார். பல் தேய்க்கும்போது ஈறிலிருந்து ரத்தம் நிற்காமல் வந்த காலையில்தான் வண்டியில் உட்காரவைத்து ஜமுனாமரத்தூர் சுகாதார நிலையத்துக்குக் கொண்டுபோனேன்.

அங்கே இருந்த சின்ன வயசு டாக்டரம்மா அவளுடைய கீழ் இமையை இழுத்துப் பார்த்தார். ரத்தம் எடுத்தார்கள். முடிவு கைக்கு வந்ததும் அவர் என்னிடம் பேசாமல் முதலில் யாருக்கோ போன் செய்து பேசினார். இன்றைக்கே வேலூர் போக வேண்டும், நாளைக்கு என்று தள்ளக்கூடாது என்றார். பின்னால் இருந்த மூட்டைகளை இறக்கக்கூட இல்லை. என் மனைவி ராணியையும் பிள்ளையையும் முன்சீட்டில் வைத்துக்கொண்டு, புளி மூட்டையோடு மலையிறங்கி, கண்ணமங்கலம் வழியாக வேலூர் போய்ச் சேர்ந்தேன். வழியெல்லாம் தர்ஷினி தூங்கினாள். ராணி பிள்ளையின் முழங்காலைத் தடவிக்கொண்டே வந்தாள்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரி. எங்கே நுழைந்து எங்கே வெளியே வருவது என்பதற்கே ஒரு நாள் பாடம் படிக்க வேண்டும். முதலில் ரத்தம், பிறகு எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை. இடுப்பு எலும்பில் ஊசியை இறக்கி, உள்ளே இருக்கும் ஊனை எடுத்துப் பார்ப்பார்கள். பிள்ளையை மயக்கத்தில் வைத்துத்தான் செய்தார்கள். அப்புறம் முதுகுத்தண்டில் ஒரு ஊசி, நோய் மூளைப் பக்கம் போயிருக்கிறதா என்று பார்க்க. ஒவ்வொரு தடவையும் கதவு மூடும், நாங்கள் வெளியே. உட்காருங்கள் என்று நாற்காலி போட்டிருந்தார்கள். எனக்கு உட்காரத் தெரியாது. அந்த வராந்தாவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தேன். வாசலில் இருந்த செக்யூரிட்டிக்காரர் பார்த்துப் பார்த்துச் சலித்துப்போய், "இன்னாண்ணா, வண்டிய ஆஃப் பண்ணவே மாட்டியா?" என்றார். அன்றிலிருந்து அங்கே எனக்கு அதுவே பேராகிவிட்டது.

டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொன்னார். நாங்கள் மலை ஆட்கள் என்று தெரிந்ததும் சாமைக் காட்டையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். எலும்புக்குள் ரத்தம் விளைகிற நிலம் இருக்கிறது. அதில் களை முளைத்துவிட்டது. களை மண்டினால் பயிர் எழும்பாது. அதனால்தான் பிள்ளை வெளுத்திருக்கிறாள், அடிபடாமலே ரத்தம் கன்றுகிறது. இதற்குப் பேர் ரத்தப் புற்றுநோய். களைக்கு மருந்து அடிக்க வேண்டும், அடிக்கும்போது பயிரும் சேர்ந்து வாடும், பயப்படாமல் காத்திருந்தால் பயிர் திரும்ப எழும்பும். பிள்ளைகளுக்கு வரும் இந்த வகை பெரும்பாலும் குணமாகிவிடும் என்று சொல்லிவிட்டு, ஒரு நிபந்தனை வைத்தார். ஆறேழு மாசம் கடுமையான வைத்தியம், அதன்பிறகு இரண்டு வருஷத்துக்கு மாத்திரை. நடுவில் நிறுத்தக்கூடாது. நடுவில் வீட்டுக்குக் கூட்டிப்போன பிள்ளைகளைத்தான் நாங்கள் இழக்கிறோம் என்றார்.

நான் சரி சரி என்று தலையாட்டினேன். ராணி மட்டும், பிள்ளை கருவில் இருக்கும்போது தான் ஏதாவது சாப்பிடக்கூடாததைச் சாப்பிட்டாளா என்று கேட்டாள். இல்லை, யாராலும் வந்ததில்லை என்று டாக்டர் சொன்னார். அதை இரண்டு தடவை சொல்லச் சொல்லி வாங்கிக்கொண்டாள்.

வார்டில் தாய்க்கு மட்டும்தான் இடம். நான் பக்கத்துத் தெருவில், நோயாளியோடு வருகிறவர்களுக்கான விடுதியில் ஒரு பாய்க்கு வாடகை கொடுத்துத் தங்கினேன். வைத்தியச் செலவில் பெரும்பகுதியைக் காப்பீட்டு அட்டை பார்த்துக்கொண்டது. ஆனால் அட்டை சோறு போடாது, பஸ்ஸுக்கு டிக்கெட் எடுக்காது. ராணியின் கம்மல் போளூர் அடகுக்கடைக்குப் போயிற்று. வண்டியை ராணியின் தம்பி குமாரிடம் கொடுத்துவிட்டேன், அவன் ஓட்டி வருமானத்தை அனுப்பினான். கணக்குக் கேட்டால் கோபித்துக்கொள்வான், அதனால் கேட்கவில்லை. ஊர்க்காரர்கள் ஒரு பாட்டில் மலைத்தேன் கொடுத்துவிட்டார்கள். காய்ச்சாத எதுவும் பிள்ளைக்கு ஆகாது என்று அதை நர்ஸ் திருப்பிக் கொடுத்தார். விடுதியில் நானே நக்கித் தீர்த்தேன்.

அந்த நர்ஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்டெல்லா சிஸ்டர் என்று பேர், கண்ணமங்கலம் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம். நிதானமான பேச்சு, ஆனால் சட்டம் என்றால் சட்டம். வார்டுக்குள் பூ கூடாது, உரிக்காத பழம் கூடாது, கையைக் கழுவாமல் கட்டிலைத் தொடக்கூடாது. காரணத்தையும் அவரே சொன்னார். மருந்து ஏறிய பிறகு பிள்ளையின் ரத்தத்தில் வெள்ளை அணுக்கள் விழுந்துவிடும். அவைதான் உடம்புக்குக் காவல். காவல் இல்லாத வீட்டில் யார் வேண்டுமானாலும் நுழையலாம். அந்தச் சமயத்தில் காய்ச்சல் வந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற்ற வேண்டும், காத்திருந்தால் உயிருக்கு ஆபத்து. இதை அவர் எங்களுக்குத் தினமும் சொன்னார், நாங்களும் தினமும் கேட்டுக்கொண்டோம். கேட்டுக்கொள்வது வேறு, புரிந்துகொள்வது வேறு.

ஐப்பசியில் அடைமழை பிடித்தது. தர்ஷினியின் முடி கொத்துக் கொத்தாகத் தலையணையில் விழுந்தது. சாமிக்கு நேர்ந்து மொட்டை போட்டதாக நினைத்துக்கொள் என்று நான் சொன்னேன். "சாமிக்குப் போட்டா சந்தனம் வெப்பாங்க நைனா, எனக்கு யாரும் வெக்கல," என்றாள். பேச்சில் அவள் அம்மாவின் வாரிசு.

அப்போதுதான் பைகள் வந்தன. வேலூரில் வேலை பார்க்கிற சில இளவட்டங்கள் சேர்ந்து, மாசம் ஒருமுறை வார்டுப் பிள்ளைகளுக்குப் பை கொடுக்கிறார்களாம். யானை படம் போட்ட பை. உள்ளே மிருதுவான தொப்பி, வண்ணப் பென்சில், படம் வரைகிற புத்தகம், ஒரு துணிப் பொம்மை, குளிருக்கு ஒரு மெல்லிய பருத்திப் போர்வை. எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்கியவை. தாயின் கையில் கொடுத்துவிட்டுப் போவதுதான் அங்கே முறை. ஆனால் நிவேதா என்று ஒரு பெண், இருபத்துச் சொச்சம் வயசு இருக்கும், தூங்குகிற தர்ஷினியைப் பார்த்ததும் மனசு இளகிப்போய்ப் பையைத் தானே திறந்தாள். போர்வையை உதறி விரித்து, கால் முதல் கழுத்து வரை போர்த்தி, ஓரத்தை அழகாக உள்ளே செருகிவிட்டாள். புத்தம்புதுப் போர்வை. மடிப்புத் தடம்கூடப் போகவில்லை. நல்ல வெள்ளை.

நான் அப்போது சாப்பாட்டுத் தூக்கோடு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றிருந்தேன். என் கண்ணிலும் பட்டது. எங்கள் பக்கம், படுத்திருக்கிற உடம்பின் மேல் இன்னொருவர் கொண்டுவந்து விரிக்கிற புது வெள்ளைத் துணிக்கு ஒரே ஒரு பேர்தான். கோடி. செத்தவர்களுக்குப் போடுவது. உயிரோடு இருப்பவர்களுக்குப் புதுத்துணி என்றால் மூலையில் மஞ்சள் தொட்டு வைக்காமல் யாரும் கட்டமாட்டோம், அது கோடி இல்லை என்று காட்டத்தான் அந்த மஞ்சள். அந்தப் பெண்ணுக்கு இது தெரியாது. தெரிந்திருக்க நியாயமும் இல்லை. எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

ராணி கத்தவில்லை. அந்தப் பெண் நகர்ந்ததும் போர்வையை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிக் கட்டிலுக்கு அடியில் போட்டாள். பிறகு கதவுக்கு வந்து என்னிடம், "கோடி போத்திட்டாங்க," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் பக்கத்துக் கட்டில் பையனுக்கு மூச்சுத்திணறல் வந்து தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். அவனுக்கும் அதே பை, அதே போர்வை. பிறகு அவன் தேறி வந்தான், இட்லி வேண்டாம் என்று சண்டை போட்டான், அதெல்லாம் வேறு. ஆனால் அன்றைக்கு அது எங்களுக்கு எப்படித் தெரியும்? ராணி துணிகளை மூட்டை கட்டிவிட்டாள்.

"வூட்டுக்குப் போலாங்க," என்றாள். "எதுவா இருந்தாலும் நம்ம வூட்ல ஆவட்டும்."

டாக்டர் வந்து பேசினார். வெள்ளை அணு ரொம்பக் குறைந்திருக்கிறது, இப்போது மலைக்குப் போனால் காய்ச்சல் வரும்போது கையில் எதுவும் இருக்காது என்றார். வெள்ளையைப் போர்த்தினதால்தான் வந்தது வினை, இதில் வெள்ளை குறைந்ததாம் என்று ராணி என்னிடம் முணுமுணுத்தாள். நான் கோபப்பட்டேன், கெஞ்சினேன், பிள்ளைமேல் சத்தியம் செய்யச் சொன்னேன். எதற்கும் மசியவில்லை. உண்மையைச் சொன்னால், எனக்கே மனசு இரண்டாகத்தான் இருந்தது. ஒரு பாதி டாக்டர் சொன்னதை நம்பியது, இன்னொரு பாதி அந்தப் போர்வையையே பார்த்துக்கொண்டிருந்தது. அந்த இரண்டு பாதியையும் தூக்கிக்கொண்டு வராந்தாவில் நடந்தேன்.

கடைசியில் குமாருக்குப் போன் செய்தேன். அவன்தான் வழி சொன்னான். கோடி கொண்டுவருவதும் தாய்மாமன் வீடு, காது குத்துக்குச் சீர் கொண்டுவருவதும் தாய்மாமன் வீடு. யாரோ தெரியாமல் போட்ட கோடியைத் தாய்மாமன் சீர் போட்டு எடுத்துவிடலாம் என்றான். சாஸ்திரத்தில் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது, இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன. மறுநாள் மழையில் நனைந்தபடி வந்து இறங்கினான். கையில் ஒரு புதுத்துணி, அவன் மனைவி பச்சை மஞ்சளை அரைத்துத் துணி முழுக்கத் தாராளமாக அப்பிவிட்டிருந்தாள்.

ஸ்டெல்லா சிஸ்டர் கதவிலேயே நிறுத்திவிட்டார். இன்னாண்ணா இது என்று கேட்டவர், முகர்ந்து பார்த்துவிட்டு, உள்ளே விடமுடியாது என்றார். மஞ்சள்தானே கிருமியைக் கொல்லும் என்று குமார் எகிறினான். மண்ணிலிருந்து எடுத்த பச்சைக் கிழங்கில் பூஞ்சைக் காளான் இருக்கும், நமக்கு ஒன்றும் செய்யாது, காவல் இல்லாத உடம்பில் அது நுரையீரலில் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று சிஸ்டர் விளக்கினார். நான் குறுக்கே புகுந்து கத்தினேன். நல்ல வார்த்தை எதுவும் என் வாயில் இல்லை. அவர் கத்தவில்லை. எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, இது எதற்கு என்று மட்டும் விசாரித்தார். கோடி விஷயத்தைச் சொன்னேன்.

"எங்க வூட்லயும் கோடி போடுவாங்கண்ணா," என்றார். "நான் பாக்காம விட்டுட்டேன். துணிய கொதிக்கிற தண்ணில சோப்பு போட்டு அலசி, நல்லா காய வெச்சு கொண்டாங்க. உங்க சீரை நான் தடுக்கல."

விடுதியில் பெரிய அலுமினியக் குண்டானில் வெந்நீர் போட்டேன். ராணி வெளியே எறியச் சொல்லியிருந்த வெள்ளைப் போர்வையும் என் பையில் கிடந்தது. கொடுத்தவர்களிடம் திருப்பித் தருவதானால் துவைத்துத் தருவதுதான் மரியாதை என்று, இரண்டையும் ஒன்றாகவே வாளிக்குள் திணித்துச் சோப்புத்தூளைக் கொட்டினேன். மறு நிமிஷம் வாளித் தண்ணீர் ரத்தமாக மாறியது. சோப்புப் பட்டால் மஞ்சள் சிவக்கும் என்பது பொம்பளைகளுக்குத் தெரியும், வண்டிக்காரனுக்கு என்ன தெரியும்? நான் இரண்டடி பின்னால் போய்விட்டேன். குமார்தான் சிரித்துக்கொண்டே அலசினான். அலச அலச சிவப்புப் போய்ப் போர்வை முழுக்க மஞ்சளாகிவிட்டது. ஒரு முழம்கூட வெள்ளை இல்லை.

வார்டிலிருந்து விடுதிக்கு வந்த ராணி அதைப் பார்த்தபடி நின்றாள். யார் மஞ்சளில் தோய்த்தது என்று கேட்டாள். யாரும் தோய்க்கவில்லை, தானாக ஆகிவிட்டது என்றோம். திட்டுவாள் என்று நினைத்தேன். மாமன் சீரைவிட அதுதான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது போலிருக்கிறது. இதைப் பிள்ளைமேல் போட்டு எடுத்துவிட்டுக் கிளம்பலாம், இது காயட்டும் என்றாள். மூட்டையை மட்டும் அவிழ்க்கவில்லை.

இது காயட்டும். அந்த ஒரு வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். விடுதித் தாழ்வாரத்தில் கொடி கட்டிப் போர்வையைப் போட்டோம். மழையோ விடுவதாக இல்லை, எனக்குக் கொண்டாட்டம். ஆனாலும் காற்று கொஞ்சம் அடித்தால் துணி காய்ந்துவிடுமே. யாரும் பார்க்காதபோது பாட்டிலிலிருந்து கையில் தண்ணீர் ஊற்றி ஒரு மூலையில் தெளித்துவிடுவேன். போவேன், தொட்டுப் பார்ப்பேன், தெளிப்பேன், வருவேன். பிள்ளை உயிரை ஒரு கைத்தண்ணீரில் பிடித்து வைத்திருப்பதாகத்தான் எனக்குத் தோன்றியது. ராணி வந்து தொட்டுப் பார்த்து, இன்னும் ஈரம் என்று சொல்லிவிட்டுப் போவாள். எத்தனை முறை அப்படி நடந்தது என்று நான் எண்ணவில்லை.

அந்த ஈரம் காய்வதற்குள்தான் காய்ச்சல் வந்தது. மத்தியானம் தர்ஷினியின் பல் கிடுகிடுவென்று அடித்துக்கொள்ள ஆரம்பித்தது. தெர்மாமீட்டரைப் பார்த்ததும் ஸ்டெல்லா சிஸ்டர் ஓடினார், அவர் ஓடி நான் பார்த்ததே இல்லை. டாக்டர் வந்தார், ரத்தம் எடுத்தார்கள், மருந்துக்காக நெஞ்சில் பொருத்தியிருந்த குழாயில் மருந்து ஏறத் தொடங்கியது. எல்லாம் நாங்கள் ஒரு டீ குடிக்கிற நேரத்தில். ஏறிய பிறகும் ரத்த அழுத்தம் இறங்கியது, மறுபடி ஏதோ மருந்து, மறுபடி ஓட்டம். கண்ணாடிக்கு வெளியே நின்ற எனக்கு ஒரே ஒரு கணக்குத்தான் ஓடியது. கிளம்பியிருந்தால் இந்நேரம் நாங்கள் எங்கே இருந்திருப்போம்? மலைப்பாதையில், மழையில், பஸ்ஸில்.

ராணி கதவுக்கு வந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை.

"குளுருது குளுருதுன்றா. அந்தப் போர்வைய எடுத்தாங்க."

ஓடினேன். அதன் மூலை என் கைங்கரியத்தால் இன்னும் சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல் இருந்தது. தெருமுனையில் இஸ்திரி வண்டிக்காரர் தார்ப்பாய்க்கு அடியில் குந்தியிருந்தார். விஷயத்தை முழுசாகச் சொல்லக்கூட எனக்கு மூச்சில்லை, பிள்ளைக்கு என்றேன், அவ்வளவுதான். அவர் இருந்த கரியையெல்லாம் பெட்டிக்குள் போட்டு ஊதி, போர்வையைத் திருப்பித் திருப்பித் தேய்த்தார். மழைச்சாரலுக்கு நடுவே போர்வையிலிருந்து ஆவி எழுந்தது. முறுகக் காய்ந்த துணியைப் பிளாஸ்டிக் பையில் போட்டுச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு ஓடினேன். சூடாகக் கொண்டுவந்ததைப் பார்த்து சிஸ்டர் வாங்கிக்கொண்டார். ராணிதான் தன் கையால் போர்த்தினாள்.

காய்ச்சல் இறங்க நாள் பிடித்தது. அந்த நாட்களைப் பற்றி எழுத எனக்கு இன்னும் தெம்பில்லை. இறங்கியது, அது போதும். பிள்ளை கண் திறந்து பசிக்கிறது என்று சொன்ன காலையில் ராணி மூட்டையை அவிழ்த்துத் துணிகளை அலமாரியில் அடுக்கினாள். அடுக்கிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் சொன்னாள்.

"துணி மொத்தம் காஞ்சி ஒரு மூலை மட்டும் ஈரமா இருந்துது. மழை இன்னா உங்கள கேட்டுக்கினா பேஞ்சுது?"

தெரிந்தே விட்டிருக்கிறாள். போக வேண்டும் என்று சொன்ன வாயால் இருக்கலாம் என்று சொல்ல முடியாமல், அவளும் அந்த ஈரத்தைத்தான் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. பல்லைக் கடித்துக்கொண்டு டீ வாங்கப் போய்விட்டேன்.

இப்போது தர்ஷினி மாத்திரை மட்டும் சாப்பிடுகிறாள். முடி முளைத்துவிட்டது, சுருட்டையாக முளைத்திருக்கிறது, அது யார் வீட்டுச் சுருட்டை என்று இரண்டு பக்கத்து உறவும் சண்டை போடுகிறார்கள். மாசம் ஒருமுறை வேலூருக்கு ரத்தப் பரிசோதனைக்குப் போகிறோம். முடிவு வரும்வரை எனக்கு இன்னும் உட்காரத் தெரியாது. போகும்போது சும்மா போக வேண்டாம் என்று நாங்களும் சில பைகள் கொண்டுபோக ஆரம்பித்தோம். முதல் தடவை போர்வைகளை எல்லாம் மஞ்சள் நிறத்தில் வாங்கினேன். போளூர் துணிக்கடைக்காரர், இன்னாப்பா ஊருக்கெல்லாம் மஞ்சக் கடுதாசி குடுக்கப் போறியா என்று கிண்டல் செய்தார். அவர் சொல்வதும் சரிதான், திவாலானவன் கொடுப்பதல்லவா மஞ்சள் நோட்டீஸ். இப்போது பூப்போட்டது, கட்டம் போட்டது என்று கலந்து வாங்குகிறோம். போன் செய்கிறவர்களுக்குச் சொல்கிறேன், பளிச்சென்று நிறம் இருக்கட்டும், தையல் உறுத்தாத பருத்தித் தொப்பியாக இருக்கட்டும், வாசனைச் சோப்பு வேண்டாம், வாந்தி வரும். திங்கிற பொருள் எதுவானாலும் நர்ஸைக் கேட்டுவிட்டு வையுங்கள். பையைத் தாயின் கையில் கொடுங்கள், நீங்கள் திறக்காதீர்கள்.

நிவேதாவும் நாங்களும் இப்போது பழக்கம். அவளிடம் கோடி விஷயத்தைச் சொல்லிவிடலாம் என்று நான் ஒருமுறை கிளம்பினேன். ராணி தடுத்துவிட்டாள். நல்லது செய்ய வந்த பெண், சொன்னால் மனசு உடைந்து வராமலே போய்விடும் என்றாள். அதனால் கலரில் வாங்கினால் பிள்ளைகளுக்குப் பிடிக்கும் என்று மட்டும் சொல்லி வைத்தோம்.

போன சித்திரையில் நாங்கள் பரிசோதனைக்குப் போன அன்று நிவேதாவின் ஆட்கள் வெளிநோயாளிகள் கூடத்தில் பை கொடுத்துக்கொண்டிருந்தார்கள். வேலூர்க் கத்திரி வெயில், மின்விசிறி அனல் காற்றைத்தான் இறைத்தது. போர்வைகளை யாரோ புண்ணியவான் மொத்தமாக வாங்கிக் கொடுத்திருக்கிறார். எல்லாம் வெள்ளை. நிவேதா பாவம், முறையாகத் தாய்மார் கையில்தான் நீட்டினாள். கடைசி வரிசையில் ஒரு பெண், மடியில் பையன், முகத்தைப் பார்த்தாலே மலை ஆள் என்று தெரிந்தது. பிளாஸ்டிக் உறைக்குள் இருந்த வெள்ளையைப் பார்த்தாள். அவள் கை நீளவில்லை. பக்கத்தில் இருந்த புருஷன் பையனின் செருப்பைத் தேடி எடுத்தான். அந்தச் செருப்பைப் போட்டுக்கொண்டு எங்கே போகப்போகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

நான் என்ன சொல்வது என்று யோசிப்பதற்குள் ராணி எழுந்துபோனாள். நிவேதாவின் கையிலிருந்து போர்வையை வாங்கி, உறையைக் கிழித்து, உதறி, தன் தோள்மேல் போட்டுக் கழுத்துவரை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். புது வெள்ளையைத் தானே எடுத்துத் தன்மேல் போட்டுக்கொள்கிறவர் எங்கள் பக்கம் யாரும் கிடையாது. அவள் அப்படியே அந்தப் பெண் பக்கத்தில் உட்கார்ந்தாள். எந்த ஊர், என்ன காடு, பையனுக்கு என்ன பேர் என்று விசாரித்தாள். எங்கள் தர்ஷினியைக் கையால் காட்டினாள். பிறகு போர்வையை எடுத்து மடித்து அந்தப் பெண்ணின் மடியில் வைத்தாள்.

"நான் போத்திக்கினது. இனிமே இது கோடி ஆவாது. சுடுதண்ணில அலசிட்டு புள்ளைக்குப் போடு. பாதில மட்டும் போய்டாத."

அந்தப் பெண் புருஷனைப் பார்த்தாள். அவன் கையிலிருந்த செருப்பைப் பெஞ்சுக்கு அடியில் வைத்தான். இதைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னும் இரண்டு தாய்மார் தங்கள் உறைகளை ராணி பக்கம் தள்ளினார்கள். ராணி அடுத்ததையும் பிரித்துப் போர்த்திக்கொண்டாள். நிவேதாவுக்கு ஒன்றும் புரியவில்லை, குனிந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னக்கா, குளிருதா?"

"ஆமாம்மா, குளுருது," என்றாள் ராணி. கழுத்தில் வேர்வை வழிய, அடுத்த போர்வைக்குக் கையை நீட்டினாள்.